வலியில்லாக் கட்டியும் வாய்மூடும் நாணமும்

வாய், தொண்டைப் புற்றுநோய் என்றதும் புகையிலையும் பாக்கும் நம் நினைவிற்கு வருதல் இயல்பே. நம் நாட்டில் வாய்ப்புற்றுநோய்க்கு அவையே முதன்மைக் காரணங்கள். ஆயினும், அவற்றைத் தீண்டாதாரையும் பற்றவல்ல தொண்டைப் புற்றுநோய் ஒன்று உண்டு. அதனை விளைப்பது மனிதப் பாப்பிலோமா வைரஸ் என்னும் நுண்கிருமி. இதன் பல வகைகளுள் 16ஆம் வகையே கொடியது. அவ்வகையைக் கருப்பைவாய்ப் புற்றில் 1983இல் கண்டறிந்த ஜெர்மானிய அறிஞர் ஹரால்ட் சுர் ஹௌசன் 2008இல் நோபல் பரிசு பெற்றார். தொண்டையிலும் அதுவே தலையாய காரணம் எனப் பின்னர்த் தெளிவாயிற்று.

இந்நோய் பெரும்பாலும் டான்சிலிலும் அடிநாக்கிலும் தோன்றும். அவ்விடங்கள் கண்ணாடியில் எளிதிற் புலப்படா. ஆதலின், பலருக்கு முதல் அறிகுறி கழுத்திலேயே வெளிப்படுகிறது. தாடைக்குக் கீழே, கழுத்தின் ஒரு பக்கத்தில் வலியில்லாத கட்டி தோன்றும். வலிக்கவில்லையே என்று வாளாவிருத்தல்தான் இங்கு நேரும் பெரும்பிழை.

பிற அறிகுறிகளையும் நாம் அறிதல் வேண்டும். ஆறாத தொண்டைவலி, விழுங்குவதில் இடர்ப்பாடு, தொண்டையில் ஏதோ சிக்கியது போன்ற உணர்வு, காதில் குறையின்றியே ஒருபக்கக் காதுவலி, குரல் மாற்றம், உமிழ்நீரில் குருதி, ஒரு டான்சில் மட்டும் பருத்தல், காரணமின்றி உடல் மெலிதல் ஆகியன அவை. வாயில் ஆறாப் புண்ணும் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டும் எக்காரணத்தால் தோன்றினும் ஆராயத்தக்கனவே.

இவற்றுட் பல சளி, காய்ச்சலிலும் வரக்கூடும். எனவே அஞ்ச வேண்டுவதில்லை. நாளைக் கணக்கிட வேண்டும். மூன்று வாரம் கடந்தும் நீங்காதாயின் காது, மூக்கு, தொண்டை மருத்துவரை நாடுக. கட்டியைச் சோதியாது மாத்திரைகளை மாற்றி மாற்றி உண்பது காலத்தை இழப்பதாகும்.

இக்கிருமி நெருங்கிய உடலுறவால் பரவுவது. அந்நாணமே பலர் வாயை அடைக்கிறது. ஆனால், இதன் தொற்று மக்களிடையே மிகப் பரவலானது. பெரும்பாலோர்க்கு ஓரிரு ஆண்டுகளில் தானே அகலும். சிலரிடம் தங்கிப் பல்லாண்டுகளுக்குப் பின் புற்றாகும். ஆகவே, இந்நோய் ஒருவர் ஒழுக்கத்தை அளக்கும் கோலன்று.

16ஆம் வகையைத் தடுக்கும் தடுப்பூசி இன்று உள்ளது. 9 முதல் 14 வயதிற்குள் இடுவது சிறப்பு. புகையிலையால் வரும் தொண்டைப் புற்றினும் இது சிகிச்சைக்கு நன்கு இணங்குவது. மாணவச் செல்வங்களே, வீட்டுப் பெரியோர் கழுத்தில் கட்டி கண்டால் தயங்காது எடுத்துரையுங்கள். பெரியோர்களே, கேட்டவுடன் மருத்துவரிடம் செல்லுங்கள். நாணத்தால் இழக்கும் நாள் மீளாது.