முப்பத்தாறாவது பாக்கெட்

சூப்பர் ஹீரோ அட்டைப் பெட்டியைச் சுற்றிப் பிள்ளைகளிடம் உலவும் நம்பிக்கைகளைக் கோர்த்தால் இப்படி வரும்: ஒவ்வொரு பாக்கெட்டாக வாங்குகிறவன் ஏமாளி, பெட்டியாக வாங்கினால் முழு செட்டும் தேறிவிடும், இதுவரை வரவில்லையென்றால் அபூர்வ அட்டை அடுத்த பாக்கெட்டில் கட்டாயம் வரும், தடவியும் எடை போட்டும் கண்டுபிடித்துவிடலாம், எதுவுமே வராவிட்டாலும் போகட்டும், பிரிக்காமல் பீரோவில் வைத்தால் இருபது வருஷத்தில் லட்சங்களுக்குப் போகும். எங்கோ ஒருவர் பெட்டியைப் பிரித்துக் கத்திக் குதிக்கும் வீடியோ, புதுச்சேரியின் பாகூர் கொம்யூனில் கடலை ஒட்டிக் கிடக்கும் மணப்பட்டுக்கும் கைபேசி வழியே வந்துவிடுகிறது. நம்பிக்கையும் கூடவே வந்துவிடுகிறது. இந்த ஆசை நமக்குப் புதிதும் இல்லை. பிக் ஃபன் பபிள்கம்மோடு வந்த கிரிக்கெட் படங்களின் பின்னால் ரன்னும் விக்கெட்டும் அச்சாகியிருந்த காலம் ஒன்று; சிப்ஸ் பாக்கெட்டுக்குள் டாஸோ தேடிய காலம் ஒன்று. பெட்டிக்கடையில் தொங்கும் பிரைஸ் அட்டையில் காசு கொடுத்துச் சீட்டைக் கிழித்தால் கைக்கு வருவது பெரும்பாலும் ஒரு மிட்டாய். மேலே ஒட்டிய பெரிய பரிசு கடைசிவரை அங்கேயே ஒட்டியிருக்கும். பாக்கெட்டைக் கிழிக்கும்போது நெஞ்சு படபடக்கும் சந்தோஷம் பொய்யில்லை. அதற்குப் பிள்ளை கொடுக்கும் விலை எவ்வளவு என்பதைத்தான் யாரும் உட்கார்ந்து கணக்குப் போட்டுக் காட்டுவதில்லை.

போட்டுப் பார்க்கலாம். 1990-இல் அமெரிக்காவின் இம்பெல் நிறுவனம் வெளியிட்ட மார்வெல் யுனிவர்ஸ் முதல் வரிசை, பிறகு வந்த பல பெட்டிகளுக்கு முன்மாதிரி. ஸ்பைடர்மேன், ஹல்க், வுல்வரின் என்று 162 சாதாரண அட்டைகள். அபூர்வமாகக் கலந்துவிட்ட 5 ஹாலோகிராம் அட்டைகள் தனி. பாக்கெட்டுக்கு 12 அட்டை, பெட்டிக்கு 36 பாக்கெட், ஆக 432. 162 வேண்டிய இடத்தில் 432 இருக்கிறதே, இரண்டரை மடங்குக்கும் மேல், எப்படிப் பற்றாமல் போகும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஹாலோகிராமை ஒதுக்கிவிட்டு, எந்த அட்டையும் சம வாய்ப்போடு வருவதாக வைத்துக் கணக்கிட்டால், அந்த 432-இல் வெவ்வேறு அட்டைகள் சராசரியாக 151தான். பதினொன்று வராது, 281 டபுளாகக் கையில் கிடக்கும். முழு செட்டுக்குச் சராசரியாக 918 அட்டைகள் பிரிக்க வேண்டும், அதாவது இரண்டு பெட்டியும் போதாது. இதில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. முதல் 152 அட்டைகளைச் சேர்க்க ஏறக்குறைய 443 அட்டைகள் போதும். மிச்சமிருக்கும் பத்தே பத்துக்கு மேலும் 475 தேவைப்படும். ஆரம்பத்தில் எதைப் பிரித்தாலும் புதுசாக வரும். கடைசி ஒன்றுக்காகக் காத்திருக்கும்போது, பிரிக்கும் ஒவ்வொரு அட்டையும் அதுவாக இருக்க 162-இல் ஒரு வாய்ப்புதான். பாதிக்கு மேல் காசு போவது அந்தக் கடைசிப் பத்துக்கு. பிள்ளை விட முடியாமல் தவிப்பதும் சரியாக அந்த இடத்தில்தான்.

அட்டை சேர்த்துப் பழகியவர்கள் இங்கே ஒரு மறுப்பு சொல்வார்கள்: தொழிற்சாலையில் அட்டைகளைச் சீட்டுக்கட்டு மாதிரி கலைப்பதில்லை, பெரிய தாளில் அச்சடித்து வெட்டி அடுக்கி இயந்திரம் வரிசையாகப் போடுகிறது, அதனால் ஒரே பெட்டியில் முழு செட் கிடைத்ததும் உண்டு என்று. உண்மைதான். ஆனால் அப்படிக் கிடைத்தால் அது அடுக்கியவர் வைத்த ஏற்பாடு. பெட்டியின் இயல்பு என்று அதைச் சொல்ல முடியாது. அடுத்த வரிசையில் சில அட்டைகளை மட்டும் குறைத்து அச்சடிக்க அவர் முடிவு செய்தால், பெட்டியைப் பார்த்து வாங்குகிறவருக்கு அது தெரியப்போவதில்லை. இந்த வியாபாரம் அந்தத் திசையில்தான் போனது. செட்டை முடிப்பது என்ற பழைய ஆட்டத்தின் மேல், துரத்திப் பிடிக்க வேண்டிய சில பளபள அட்டைகள் என்ற புது ஆட்டத்தை ஏற்றி வைத்தார்கள்.

அந்தப் பளபள அட்டையைப் பற்றித்தான் இரண்டாவது நம்பிக்கை. ‘36 பாக்கெட்டுக்கு ஒன்று’ என்றால் 36 பிரித்தால் ஒன்று வந்தாக வேண்டும் என்று மனம் எடுத்துக்கொள்கிறது. ஒவ்வொரு பாக்கெட்டும் தனித்தனி அதிர்ஷ்டமாக இருந்தால், 36 பாக்கெட்டிலும் ஒன்றுகூட வராமல் போக 36 சதவீத வாய்ப்பு உண்டு. மூன்று பேர் பெட்டி வாங்கினால் ஒருவர் வெறுங்கையோடு எழுந்திருப்பார் என்ற அளவு அது. முப்பத்தைந்து பிரித்தும் வராதவருக்கு முப்பத்தாறாவதில் வர வாய்ப்பு, முதல் பாக்கெட்டுக்கு இருந்த அதே 36-இல் ஒன்றுதான். ‘இத்தனை வரவில்லை, இனி வந்தே தீரும்’ என்பதற்கு அந்தப் பாக்கெட்டுக்குள் எந்தக் காரணமும் இல்லை. இந்தத் தவறு பிள்ளைகளுக்கு மட்டும் உரியதா என்ன? லாட்டரிச் சீட்டில் வீட்டை இழந்த பெரியவர்களைப் பார்த்துதான் தமிழ்நாடு 2003-இல் லாட்டரியைத் தடை செய்தது. அவர்களைத் திரும்பத் திரும்பக் கடைக்கு இழுத்ததும் ‘அடுத்தது நமக்குத்தான்’ என்ற எண்ணம்தான்.

எடை போட்டுக் கண்டுபிடிக்கலாம் என்பதில் மட்டும் பாதி உண்மை இருக்கிறது. ஃபாயில் ஒட்டிய அட்டையும் தடித்த அட்டையும் சாதாரண அட்டையைவிடச் சற்றுக் கனம். நகைக்கடைத் தராசு போன்ற சின்ன டிஜிட்டல் தராசில் அந்த வித்தியாசம் சில வரிசைகளில் தெரியும். தெரிந்தால் யாருக்கு லாபம்? தராசும் முழுப் பெட்டியும் நேரமும் விற்கிறவரிடம் இருக்கின்றன. அவர் கனமானவற்றைப் பொறுக்கிவிட்டு மீதியை விற்றால், பிள்ளை தடவித் தடவி வாங்குவது ஏற்கெனவே சலித்து எடுத்த சக்கையை. இதனால்தான் பல நிறுவனங்கள் எடையைச் சமன்செய்ய வெற்று அட்டைகளையும் உள்ளே சேர்க்கின்றன. பிரிந்த பெட்டியிலிருந்து உதிரியாக விற்கும் பாக்கெட்டில் பழைய விகிதம் எதையும் எதிர்பார்க்க முடியாது.

இனி பீரோவில் வைக்கும் கதை. 1952-இல் டாப்ஸ் வெளியிட்ட பேஸ்பால் வீரர் மிக்கி மேன்டிலின் அட்டை 2022 ஆகஸ்டில் 1.26 கோடி டாலருக்கு ஏலம் போனது. இதைக் காட்டித்தான் முதலீடு என்ற பேச்சே தொடங்குகிறது. அந்த அட்டை ஏன் இவ்வளவு அரிதானது என்று பார்த்தால் பேச்சு தலைகீழாகிவிடும். அந்த வரிசையின் பிற்பகுதி விற்கவில்லை. கிடங்கில் இடம் அடைத்துக் கிடந்த பெட்டிகளை 1960-இல் படகில் ஏற்றி அட்லாண்டிக் கடலில் கொட்டியதாக, அதை வடிவமைத்த சை பெர்கரே பின்னாளில் சொன்னார். வேண்டாமென்று கடலில் போட்டதால், எவரும் பத்திரப்படுத்தாததால் அதற்கு விலை. நம் பக்கத்து உதாரணம் சிவகாசியில் இருக்கிறது. 1972-இல் முத்து காமிக்ஸ் ‘இரும்புக்கை மாயாவி’யோடு தொடங்கியது, அந்தக்காலப் பிரதிகளைச் சேகரிப்பாளர்கள் இன்று தேடி அலைவதற்குக் காரணம், அன்றைய பிள்ளைகள் அவற்றைக் கைமாற்றி, மடித்து, கிழியக் கிழியப் படித்ததுதான். 1990-களின் தொடக்கத்து அட்டைகளுக்கு நேர்ந்தது இதற்கு எதிரானது. எல்லோரும் ‘பின்னால் விலை ஏறும்’ என்றே வாங்கிப் பிளாஸ்டிக் உறையில் போட்டார்கள். நிறுவனங்களும் அடித்துக் குவித்தன. மார்வெல் 1992-இல் ஃப்ளீரையும் 1995-இல் ஸ்கைபாக்ஸையும் விலைக்கு வாங்கியது, இரண்டும் அட்டை நிறுவனங்கள். 1996 டிசம்பரில் மார்வெலே திவால் மனு கொடுத்தது. அட்டைச் சந்தை சரிந்தது அதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று. அந்த நாயகர்களின் சொந்தக்காரராலேயே அட்டையை நம்பிப் பிழைக்க முடியவில்லை. சில பழைய பெட்டிகள் விலை ஏறியிருப்பது மெய். அந்தச் சிலவற்றை முன்கூட்டி யாரும் அடையாளம் காட்டியதில்லை என்பதும் அதே அளவு மெய்.

மணப்பட்டில் வைத்துப் பார்த்தால் இந்த முதலீட்டுக்கு இன்னொரு எதிரி இருக்கிறது: காற்று. சவுக்குத் தோப்புக்கு அந்தப் பக்கம் கடல். ஐப்பசி, கார்த்திகையில் அப்பளம் நமுத்துப்போகும், பீரோத் துணியில் பூசண வாடை ஏறும். ஃபாயில் அட்டை என்பது காகிதத்தின் மேல் ஒட்டிய மெல்லிய படலம். ஈரத்தைக் காகிதம் குடித்து விரியும், படலம் விரியாது. அதனால் அட்டை ஒரு பக்கமாக வளைந்து, மேசையில் வைத்தால் ஓடம் மாதிரி நிற்கும். வழவழப்புப் பூச்சுள்ள அட்டைகள் பாக்கெட்டுக்குள்ளேயே ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது படம் உரிந்து வரும். பெட்டியைச் சுற்றிய கண்ணாடித்தாள் காற்றுப் புகாத உறை ஆகாது. தரம் மதிப்பிடுகிறவர்களோ நான்கு மூலை, விளிம்பு, மேற்பரப்பு, படம் நடுவில் இருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பவர்கள். ஈரம் பட்டு வளைந்த அட்டை அவர்களிடம் போனால் என்ன மதிப்பு வரும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

‘காசு கொடுத்தான், அட்டை கிடைத்தது, இதில் சூது எங்கே வந்தது’ என்பது கடைசி மறுப்பு. நீதிமன்றமும் ஏறக்குறைய இதையே சொல்லியிருக்கிறது. துரத்தல் அட்டைகளைக் கலப்பது சட்டவிரோதச் சூதாட்டம் என்று ஃப்ளீர்-ஸ்கைபாக்ஸ் முதலிய நிறுவனங்கள்மீது தொடுத்த வழக்கை, அமெரிக்காவின் ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2002-இல் ஏற்கவில்லை. வாங்கியவர்கள் பேரம் பேசியது ஒரு வாய்ப்புக்கு, அந்த வாய்ப்பு அவர்களுக்குக் கிடைத்துவிட்டது, எனவே சொத்து இழப்பு இல்லை என்பது அதன் தர்க்கம். சட்டத்தின் வரம்புக்குள் அது சரியாக இருக்கலாம். ஆனால் பேரத்தில் ஒரு பக்கம் பத்து வயதுப் பிள்ளை என்பதை அந்தத் தர்க்கம் கணக்கில் எடுக்கவில்லை. வாய்ப்பை விற்கிறவர் அதன் அளவைச் சொல்ல வேண்டாமா? அமெரிக்கப் பாக்கெட்டுகள் பலவற்றில் விகிதத்தை அச்சிடுகிறார்கள். அதையும் படிக்க முடியாத பொடி எழுத்தில். நம் நாட்டில் பொட்டலப் பொருளின் மேல் அதிகபட்ச சில்லறை விலையும் எண்ணிக்கையும் தயாரித்தவர் முகவரியும் இருந்தாக வேண்டும். அந்த வரிகளுக்குக் கீழே, எத்தனை பாக்கெட்டுக்கு ஒன்று என்ற வரியையும் தமிழிலேயே, பிள்ளை கண்ணில் படும் அளவில் போடச் சொல்வது பெரிய கோரிக்கை இல்லை. புதுச்சேரி அரசும் கேட்கலாம், பெற்றோரும் கேட்கலாம்.

அதுவரை பிள்ளைகளிடம் இதற்கு ஒரு வழி ஏற்கெனவே இருக்கிறது. டிரம்ப் கார்டு காலத்திலிருந்தே இருக்கிறது. தனியாக ஒருவர் 162-ஐ முடிக்க 918 அட்டை வேண்டும் என்று பார்த்தோம். ஐந்து பேர் டபுள்களை மாற்றிக்கொண்டு ஐந்து செட்டையும் முடிப்பதானால், தலைக்குச் சுமார் 425 போதும். செலவு பாதிக்கும் கீழே வந்துவிடும். கடைசிப் பத்து அட்டைக்காகக் கடைக்குப் போகிற காசு மிச்சம். பழைய நோட்டின் பின்பக்கத்தில் ஒன்றிலிருந்து 162 வரை எழுதி, வந்த எண்ணை எல்லாம் அடித்துவிட்டு, அடிபடாமல் நிற்கும் எண்களோடு அடுத்த தெருப் பிள்ளையின் நோட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அவனிடம் டபுளாகக் கிடக்கும் வுல்வரின் இந்தப் பக்கம் வரும், இங்கே மூன்றாகச் சேர்ந்த ஹல்க் அந்தப் பக்கம் போகும்.