இரண்டு இராட்டினம், ஒரு குடம்

கிணற்றில் இரண்டு இராட்டினங்கள் இருந்தால் இரண்டு பேர் ஒரே நேரத்தில் நீர் இறைக்கலாம். தனியாக வந்த ஒருத்தியின் குடம் அதனால் விரைவாக நிரம்பிவிடுமா? நிரம்பாது.

எங்கள் கணினி அறைக்கு இரண்டாவது இணைய இணைப்பு வந்த அன்று இதை நாங்கள் மறந்துபோனோம். பழைய இணைப்பு நொடிக்கு 100 மெகாபிட், புதியது 50. இனி 150 மெகாபிட் வேகம் என்று துள்ளிக் குதித்து, பெரிய கோப்பு ஒன்றை இறக்கிப் பார்த்தோம். வேகம் 100-ஐத் தாண்டவில்லை!

காரணத்தைப் பார்ப்போம். இணையத்தில் செய்திகள் சிறு சிறு பொட்டலங்களாகச் செல்கின்றன. ஒவ்வொன்றிலும் அனுப்புபவர் முகவரியும் பெறுபவர் முகவரியும் உண்டு. நம் கணினியின் பொட்டலம் வெளியேறும்போது ரூட்டர் அதன் முகவரியை மாற்றி, அந்த இணைப்புக்குரிய வெளி முகவரியை எழுதி அனுப்புகிறது. இணைப்புகள் இரண்டு, ஆகவே வெளி முகவரிகளும் இரண்டு. ஓர் உரையாடலின் பாதிப் பொட்டலங்கள் வேறு முகவரியிலிருந்து வந்தால், எதிர்முனைக் கணினி யாரோ அயலார் என்று தள்ளிவிடும். எனவே பொட்டலங்களை அல்ல, முழு உரையாடல்களையே பங்கிட வேண்டும். ஒரு கோப்பை இறக்குவது ஓர் உரையாடல். அது ஒரே வழியில்தான் போகும். நாம் தீர்மானிப்பதும் வெளியே போகும் வழியை மட்டுமே. பதில், முகவரியைப் பார்த்துத் தானே அவ்வழியில் திரும்பும்.

எங்கள் ரூட்டரில் இயங்குவது லினக்ஸ். பெரிய வழிக்கு 2, சிறியதற்கு 1 என்று எடை குறித்தோம். மூன்று உரையாடல்களில் சராசரியாக இரண்டு பெரிய வழியில் செல்லும். சராசரியாகத்தான்! ஓர் உரையாடல் சிறு கடிதமாக இருக்கலாம், மற்றொன்று முழுத் திரைப்படமாக இருக்கலாம்.

2016-இல் வந்த லினக்ஸ் 4.4 முதல், இரு முகவரிகளையும் கொண்டு ஒரு கணக்குப் போட்டு வழி தேர்ந்தெடுக்கப்படுகிறது. முகவரிகள் மாறாதவரை விடையும் மாறாது. 2017-இல் வந்த 4.12 பதிப்பில் போர்ட் எண்களையும் கணக்கில் சேர்க்க வசதி உண்டு. பங்கீடு இன்னும் சீராகும் என்று அதை இயக்கினோம். வந்தது வினை! கல்லூரி விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்த அக்காமார் மூவரும் கடைசிப் பக்கத்தில் வெளியே தள்ளப்பட்டனர். ஒரு தளத்தைத் திறக்கையில் உலாவி பல உரையாடல்களைத் தொடங்குகிறது. அவை இரு வழியிலும் போகவே, ஒரே மாணவி இரண்டு முகவரிகளிலிருந்து வருவதாகத் தளம் ஐயுற்றது. அன்றுதான் கடைசி நாள்! பழைய முறைக்கே மாற்றி, எல்லாவற்றையும் மறுபடி நிரப்பி அனுப்பி முடிக்க இரவு எட்டு மணியாயிற்று. அவர்கள் எங்களிடம் சொன்னவற்றை இங்கே எழுதப்போவதில்லை.

ஓர் இணைப்பு அறுந்தால் என்ன ஆகும்? ரூட்டரின் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், ஆனால் தெருவில் கம்பி அறுந்திருக்கும். அதை அறியாத ரூட்டர் அந்த வழியிலும் உரையாடல்களை அனுப்பிக்கொண்டே இருக்கும். ஆகவே பத்து நொடிக்கு ஒருமுறை இரண்டு வழியாகவும் வெளியூர்க் கணினி ஒன்றை அழைத்துப் பார்க்கச் செய்தோம். மும்முறை பதில் இல்லையேல் அவ்வழி நீக்கப்படும். அதில் நடந்துகொண்டிருந்த உரையாடல்கள் அறுந்தே போகும். பக்கத்தை மீண்டும் திறக்க வேண்டியதுதான்.