இறக்கும் விண்மீன் அனுப்பும் முதற்செய்தி

விண்மீன்களுக்கும் பிறப்பும் இறப்பும் உண்டு. சூரியனைப் போல் எட்டு மடங்குக்கு மேல் நிறையுள்ள விண்மீன்கள் பெரும்பாலும் வெடித்தே மடிகின்றன. இவ்வெடிப்பைச் சூப்பர்நோவா என்பர். வானில் ஒளி தெரியும் முன்பே இதனை அறிய இயலுமா? இயலும் என 1987-ஆம் ஆண்டு மெய்ப்பித்தது.

வெடிப்பது ஏன்?

பெரிய விண்மீனின் மையத்தில் அணுக்கரு இணைவு படிப்படியாக நிகழ்ந்து, முடிவில் இரும்பு சேர்கிறது. இரும்பு இணைவதால் ஆற்றல் கிடைப்பதில்லை. எனவே மையம் தன் எடையைத் தாங்க இயலாமல், ஒரு விநாடிக்கும் குறைந்த நேரத்தில் உள்நோக்கிச் சரிகிறது. எலெக்ட்ரான்கள் புரோட்டான்களுடன் சேர்ந்து நியூட்ரான்களாக மாறுகின்றன, நியூட்ரினோக்கள் பிறக்கின்றன. வெளிப்படும் ஆற்றலில் ஏறக்குறைய 99 விழுக்காட்டை நியூட்ரினோக்களே எடுத்துச் செல்கின்றன. நம் கண்ணைப் பறிக்கும் ஒளி மிகச் சிறு பங்கேயாகும்!

அணை உடைந்த செய்தி தொலைபேசியில் உடனே ஊருக்கு வந்துவிடும்; வெள்ளம் வந்து சேரச் சில மணி நேரமாகும். அதுபோல, நியூட்ரினோக்கள் சில விநாடிகளில் விண்மீனை விட்டு வெளியேறுகின்றன. அதிர்ச்சி அலையோ மேற்பரப்பை அடையப் பல மணி நேரம் ஆகலாம். அதன் பின்னரே ஒளி புறப்படுகிறது.

1987-இல் நடந்தது

அவ்வாண்டு பிப்ரவரி 23 அன்று, இந்திய நேரப்படி பிற்பகல் 1 மணி 5 நிமிடம். ஜப்பானின் காமியோகா சுரங்கத்தில், 1,000 மீட்டர் ஆழத்தில், 3,000 டன் தூய நீர் நிரம்பிய தொட்டி இருந்தது. நியூட்ரினோ நீரில் மோதினால் தோன்றும் மங்கிய நீல ஒளியை ஒளிபெருக்கிக் குழாய்கள் பதிவு செய்யும். பெரிய மெகல்லன் மேகத்தில், ஏறத்தாழ 1,68,000 ஒளியாண்டு தொலைவில் வெடித்த விண்மீனின் 11 நியூட்ரினோக்கள் 13 விநாடிகளுக்குள் அங்குப் பதிவாயின. அமெரிக்காவின் ஓஹையோ உப்புச் சுரங்கத் தொட்டி எட்டையும், காக்கசஸ் மலையடியிலிருந்த பக்ஸான் கருவி ஐந்தையும் பதிவு செய்தன. பூமியின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் வழியாகவும் ஆயிரம் கோடிக்கு மேற்பட்டவை கடந்து சென்றிருக்க, மூன்று கருவிகளிலும் சிக்கியவை 24 மட்டுமே! ஏறத்தாழ மூன்று மணி நேரம் கழித்தே அவ்விண்மீனின் ஒளி ஒரு நிழற்படத்தில் பதிந்தது.

காமியோகா தொட்டி புரோட்டான் சிதைவைத் தேடுவதற்காகக் கட்டப்பட்டது. நியூட்ரினோவைக் காணுமாறு அதனைத் திருத்தியமைத்துச் சில வாரங்களே ஆகியிருந்தன. தலைவர் மசாதோஷி கோஷிபா அடுத்த மாதமே பணி ஓய்வு பெற்றார். 2002-இல் நோபல் பரிசு பெற்றார்.

ஆயினும் ஒரு குறை. அத்தொட்டியின் கடிகாரம் ஒரு நிமிடம் வரை பிழைபடக்கூடியதாக இருந்தது. எனவே அதன் பதிவுகளை மற்ற இரு கருவிகளின் பதிவுகளோடு துல்லியமாக ஒப்பிட இயலாமற் போயிற்று.

ஈர்ப்பலைகள்

சரியும் மையம் முழுக் கோளச் சமச்சீருடன் இராவிடில் வெளியில் ஈர்ப்பலைகள் எழும். நியூட்ரினோவைப் போலவே இவையும் உள்மையத்தின் செய்தியை நேரே கொணர்வன. 1987-இல் குளிரூட்டப்பட்ட நுண்ணிய ஈர்ப்பலைக் கருவிகள் இயக்கத்தில் இல்லை. ரோமிலும் மேரிலாந்திலும் சாதாரண வெப்பநிலைக் கருவிகளே இயங்கின. நல்ல வாய்ப்பு நழுவியது.

2015 செப்டம்பர் 14 அன்று அமெரிக்காவின் லிகோ கருவிகள் இரு கருந்துளைகள் இணைந்ததால் எழுந்த அலையை முதன்முதலாகப் பதிவு செய்தன. நான்கு கிலோமீட்டர் நீளக் கையில் புரோட்டானின் விட்டத்தைவிடச் சிறிய மாறுதலை அவை உணர்ந்தன. எனினும் சூப்பர்நோவாவின் ஈர்ப்பலை இன்னும் கிடைக்கவில்லை. அது மிக நலிந்தது. நம் விண்மீன் மண்டலத்திலோ அதன் அருகிலோ வெடிப்பு நிகழ வேண்டும்.

நம் மண்டலத்தில் வெறுங்கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்த கடைசி வெடிப்பு 1604-இல் நிகழ்ந்தது. அடுத்தது நாளையும் நிகழலாம். நம் பேரர் காலத்திலும் நிகழலாம். காமியோகாவில் இன்று 50,000 டன் நீருடன் சூப்பர் காமியோகாண்டே காத்திருக்கிறது. நியூட்ரினோ பதிந்தவுடன் வானியலாரை எச்சரிக்கும் உலக வலையமைப்பும் உண்டு.

செய்தி வந்து செல்வது சில விநாடிகளே. அப்போது கருவி இயங்க வேண்டும். கடிகாரமும் சரியாக ஓட வேண்டும். ஆய்வுக்கூடத்தில் நேரத்தைக் குறிக்கும் சிறு பழக்கத்தையும் நாம் எளிதாக எண்ணலாகாது, நண்பர்களே!