ஒட்டு மாவும் ருசிப் பரீட்சையும்

கிருஷ்ணகிரி வட்டாரத் தோப்புகளில் மிகுந்து நிற்பது பெங்களூரா என்னும் கிளிமூக்கு மா. அதன் பழத்தைப் பெரிதும் கொள்வோர் மாங்கூழ் ஆலையினர். விளைச்சல் மிகுந்த ஆண்டில் அவர்கள் சொல்வதே விலையாகிறது. ஆகவே, வேறு ரகங்களும் நம் தோப்பில் இருத்தல் நலம்.

இதற்காக முதிய மரத்தை வெட்டியெறிய வேண்டுவதில்லை. ஓரிரு கிளைகளைக் குறைத்தால் இளந்தண்டுகள் எழும். அவற்றில் புதிய ரகத்தை ஒட்டலாம். காய்த்துத் தேறிய தாய்மரத்திலேயே குச்சி எடுக்க வேண்டும். வெட்டுவதற்கு ஒரு வாரம் முன்பே அதன் இலைகளைக் கிள்ளிவிடுக. குச்சியின் அடியை ஆப்புப்போல் சீவி, தண்டின் பிளவில் செருகி, பாலித்தீன் நாடாவால் இறுகக் கட்டுக. இரண்டின் பட்டையும் ஓரத்திலேனும் பொருந்தாவிடில் ஒட்டு பிடியாது.

டில்லியில் நீலத்தையும் தசேரியையும் கலந்து உண்டாக்கிய மல்லிகா, நீலத்தினின்று நம் பையூரில் தெரிந்தெடுத்த பையூர் 1 ஆகியவை பரீட்சைக்கு உரியவை.

பழுத்தபின் அவற்றைச் சங்கக் கூட்டத்திற்குக் கொணர்ந்து, பழைய ரகத்தோடு அருகருகே அறுத்துச் சுவைத்துப் பார்க்க வேண்டும். இனிப்பு, நார், கெடாதிருக்கும் நாட்கள் ஆகியவற்றைக் குறித்து வைக்க வேண்டும். ரகம் தவறு என்பது காய்த்த பின்னரே தெரியும். ஒரு கிளையில் தவறினால் நஷ்டம் சிறிது, தோப்பு முழுவதும் தவறினால் பல ஆண்டு உழைப்பு வீண். கடன் மனு எழுதுவது இப்பரீட்சைக்குப் பின்னரே ஆகட்டும்.