பாட்டனாரின் பெயரும் செல்லப் பெயரும்

குழந்தை பிறந்து, காதில் பாங்கு சொல்லி முடிந்ததும் வீட்டில் எழும் முதற் கேள்வி, "என்ன பெயர் வைப்பது?" என்பதாகும். பாட்டனாரோ பாட்டியாரோ மவுத்தாகியிருந்தால், அவர்களுடைய பெயரையே வைக்க வேண்டும் என்ற ஆசை பெற்றோருக்கு உண்டாவது இயல்பு. இது மார்க்கத்திற்கு உகந்ததா? இதில் நாம் பேண வேண்டிய முறைகள் யாவை?

ஹிஜ்ரி 8-ஆம் ஆண்டில், மாரியத்துல் கிப்திய்யா (ரலி) அவர்கள் மூலம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கு ஓர் ஆண் மகவு பிறந்தது. அந்தக் குழந்தைக்குத் தம் தந்தை இப்ராஹீமின் பெயரைச் சூட்டியிருப்பதாக நாயகம் (ஸல்) அவர்களே அறிவித்ததாக ஸஹீஹ் முஸ்லிமில் வந்துள்ளது. அங்கே தந்தை எனக் குறிக்கப்பட்டவர்கள், அவர்களுடைய மூதாதையான நபி இப்ராஹீம் (அலை) அவர்கள். ஆகவே, மறைந்த முன்னோரின் பெயரை வைப்பதில் தடையில்லை. அன்புக்கும் நன்றிக்கும் அது ஓர் அடையாளம்.

ஆனால், "பாட்டனாரே திரும்பி வந்து பிறந்திருக்கிறார்" என்று நம்புவது நமது ஈமானுக்கு ஒவ்வாதது. பெயர் வைக்காவிட்டால் மவுத்தானவரின் மனம் நோகும் என்று அஞ்சுவதற்கும் ஆதாரமில்லை. அவருக்குப் பயன் தருவது நிலையான தருமமும், பயனுள்ள கல்வியும், ஸாலிஹான பிள்ளையின் துஆவுமே ஆகும்.

வாப்பா வீட்டார் ஒரு பெயரையும் உம்மா வீட்டார் ஒரு பெயரையும் பிடித்துக்கொண்டு, ஏழாம் நாள் அகீகா விருந்து மனத்தாங்கலில் முடிவதையும் காண்கிறோம். பெயர் சூட்டும் உரிமை தந்தைக்குரியது. எனினும் அவர் தாயுடன் கலந்து பேசி, இந்தப் பிள்ளைக்கு ஒரு வீட்டுப் பெயர், அடுத்த பிள்ளைக்கு மறு வீட்டுப் பெயர் என்று முடிவு செய்தால் உறவு முறியாது.

முன்னோர் வைத்தது என்பதற்காக எந்தப் பெயரையும் விடாமல் பிடித்திருக்கவும் கூடாது. ஹஸ்ன் என்பவர் நபிகளாரிடம் வந்தார். அப்பெயருக்குக் கரடுமுரடான நிலம் என்று பொருள். எளிமை என்று பொருள்படும் ஸஹ்ல் என அதை மாற்ற நாயகம் (ஸல்) அவர்கள் விரும்பினார்கள். தம் தந்தை வைத்த பெயரை மாற்றுவதில்லை என்று அவர் மறுத்துவிட்டார். அதன் பின்னர் தங்கள் குடும்பத்தில் கடுமை நீங்கவேயில்லை என்று அவருடைய பேரர் ஸயீத் இப்னுல் முஸய்யப் (ரஹ்) அவர்கள் கூறியிருப்பது புகாரியில் பதிவாகியுள்ளது. எனவே பாட்டனாரின் பெயரானாலும் முதலில் பொருளைப் பார்க்க வேண்டும்.

சில இல்லங்களில் மற்றொரு சங்கடமும் உண்டு. மாமனாரின் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூசுவாள். அதனால் பேரனுக்கு அப்பெயர் பதிவேட்டில் மட்டும் இருக்கும். வீட்டில் வேறு பெயர் வழங்கும். பெரியவரின் நினைவுக்காக வைத்த பெயர் வீட்டில் ஒலிக்காமலே போனால் வைத்ததன் பயன் என்ன? பெரியவர்களின் பெயரைச் சொல்லிக் குழந்தையை அழைப்பதை மார்க்கம் தடுக்கவில்லை. மரியாதையுடன், திருத்தமாக அழைப்பதே சிறப்பு.

செல்லப் பெயரும் கூடாதென்பதில்லை. நாயகம் (ஸல்) அவர்கள் ஆயிஷா (ரலி) அவர்களை "ஆயிஷ்" என்றும், அனஸ் (ரலி) அவர்களை "உனைஸ்" என்றும் பிரியமாக அழைத்ததுண்டு. பள்ளிவாசலில் மண் ஒட்டப் படுத்திருந்த அலீ (ரலி) அவர்களை "அபூ துராப்", அதாவது மண்ணின் தந்தை, என்று அழைத்தார்கள். அலீ (ரலி) அவர்களுக்கு அதைவிட விருப்பமான பெயர் வேறு இருக்கவில்லை. அழைக்கப்படுபவர் மகிழ வேண்டும் என்பதே இதில் நமக்குப் பாடம்.

நிறத்தையும் உடற்குறையையும் சொல்லி, "கறுப்பன்", "குட்டையன்" என்று வைக்கும் பட்டப்பெயர் பிள்ளையின் மனத்தை வாழ்நாளெல்லாம் உறுத்தும். தீய பட்டப்பெயரால் ஒருவரையொருவர் அழைப்பதை அல்லாஹுத் தஆலா அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 11-ஆம் வசனத்தில் தடுத்துள்ளான். அவ்வாறே, அப்துர் ரஹ்மானை "ரஹ்மான்" எனச் சுருக்கி அழைப்பதும் தவறு. அத்திருநாமம் அல்லாஹ்வுக்கே உரியது. "அப்து", அதாவது அடிமை, என்ற சொல் சேர்ந்தால்தான் அது மனிதனின் பெயராகும்.

பாட்டனாரின் பெயரைப் பேரனுக்கு வைத்த பெற்றோர், அவர் தொழுததையும், பசித்தவருக்கு உணவளித்ததையும் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கட்டும்; அவருக்காக துஆச் செய்யவும் பழக்கட்டும். அப்போதுதான் அப்பெயர் இருவருக்கும் பயன் தரும்.

நம் பிள்ளைகளை நல்ல பெயருக்கேற்ற நல்லடியார்களாக ஆக்கி வைக்க வல்ல அல்லாஹ் அருள் புரிவானாக! ஆமீன்.