'ஹீ' என்றால் யார்?

"பிள்ளைக்கு ஆங்கிலம் வரவேண்டும் என்று வீட்டில் தமிழ் பேசுவதையே குறைத்துவிட்டோம்" என்கிறார்கள், தில்லியில் என்னிடம் பிள்ளைகளைப் படிக்க அனுப்பும் பெற்றோர் சிலர். எஸ்.எஸ்.சி., வங்கித் தேர்வுகளில் வரும் பிழை காணும் வினாக்களைப் பொறுத்தவரை இது வேண்டாத வேலை என்பதே என் எண்ணம்.

இதைப் பாருங்கள்: 'ரவி டோல்ட் மோகன் தட் ஹீ ஹேட் பாஸ்ட்.' தேறியவன் ரவியா, மோகனா? 'ஹீ' இருவருக்கும் பொருந்தும். இதைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். 'ரவி மோகனிடம், தான் தேறிவிட்டதாகச் சொன்னான்' என்றால் தேறியவன் ரவி. 'அவன் தேறிவிட்டதாக' என்றால் பெரும்பாலும் மோகன், வேறொருவனாகவும் இருக்கலாம். 'தான்' போடுவதா, 'அவன்' போடுவதா என்று பிள்ளை எங்கே தயங்குகிறதோ அங்கேதான் ஆங்கில வாக்கியத்தின் குழப்பம். பெயரையே மீண்டும் எழுதியுள்ள விடையைத் தேட வேண்டும்.

'தி பஸ் ஹிட் தி ஆட்டோ அண்ட் இட் வாஸ் டேமேஜ்ட்' என்பதில் தமிழும் கைகொடுக்காது. நம் 'அது'வும் இரண்டையும் குறிக்கும். நொறுங்கியது ஆட்டோதான் என்பது தில்லிச் சாலை அறிவு, இலக்கணம் அல்ல!

அடுத்தது இணையமைப்பு. 'ஷீ லைக்ஸ் சிங்கிங், டான்சிங் அண்ட் டு பெயின்ட்.' தமிழில் 'அவளுக்குப் பாடவும் ஆடவும் வரைவதும் பிடிக்கும்' என்று சொல்லிப் பாருங்கள். காது உடனே இடறும். எண்ணும்மையில் அடுக்கும் சொற்கள் ஒரே வடிவில் வரவேண்டும் என்பது பிள்ளைக்குப் பேச்சிலேயே படிந்த பழக்கம். ஆகவே 'பெயின்டிங்'.

'ஹீ நாட் ஒன்லி ஸ்பீக்ஸ் டமில் பட் ஆல்ஸோ ஹிந்தி' சற்றுக் கடினம். முன்பாதியில் வினை, பின்பாதியில் பெயர். 'தமிழ் மட்டுமல்ல, இந்தியும் பேசுவான்' என்கிறோம். 'மட்டும்' மொழியின் பெயரை ஒட்டியே நிற்கிறது. அங்கேயும் அப்படியே நிற்கட்டும்: 'ஸ்பீக்ஸ் நாட் ஒன்லி டமில்'.

நேரம் குறைவாக இருந்தால் முதலில் இணையமைப்பைப் பார்க்கச் சொல்வேன். அது கண்ணுக்கே தெரியும். 'ஹீ' யாரென்று அறியப் பொருளையும் யோசிக்க வேண்டும்.

ஜிமேட் எழுதுவோருக்கு ஒரு சொல்: 2023 நவம்பரில் வந்த புதிய வடிவத்தில் வாக்கியத் திருத்தப் பகுதியே இல்லை. பழைய புத்தகங்களை வாங்கிவிடாதீர்கள்.

வீட்டில் செய்து பார்க்க ஒன்று: 'மதர் டோல்ட் ஹெர் சிஸ்டர் தட் ஷீ ஷுட் ரெஸ்ட், டேக் த மெடிசின் அண்ட் கோயிங் டு த டாக்டர்.' இரண்டு பிழைகளும் இதில் உள்ளன.