பழைய கணினியும் புதிய இயங்குதளமும்

கணினியின் உறுப்புகள் அனைத்தையும் ஒருங்கிணைத்து இயக்கும் மென்பொருளே இயங்குதளம் ஆகும். 2021ஆம் ஆண்டு வெளிவந்த விண்டோஸ் 11 எந்தெந்தச் செயலிகளுக்கு உரியது என்பதை மைக்ரோசாப்ட் நிறுவனம் பட்டியலிட்டது. பட்டியலில் இல்லாத பழைய கணினிகளிலும் சிலர் மாற்று வழிகளில் அதனை நிறுவினர். அவற்றுள் பல நன்கு இயங்கின.

2024ஆம் ஆண்டுப் புதுப்பிப்பு அந்நிலையை மாற்றியது. அதற்குப் ‘பாப்கவுன்ட்’ என்னும் கட்டளை தேவைப்பட்டது. ஓர் இரும எண்ணில் எத்தனை ஒன்றுகள் உள்ளன என எண்ணுவதே இக்கட்டளையின் பணி. 1011 என்னும் எண்ணுக்கு விடை மூன்று. 2008ஆம் ஆண்டுக்கு முன் வந்த இன்டெல் செயலிகள் இக்கட்டளையை அறியா. ஆதலால் அக்கணினிகளில் புதிய பதிப்பு தொடங்கவே இல்லை.

மாணவர்களே! டாக்குரியாவில் உங்கள் வீட்டுப் பழைய கணினியில், ஊரிலுள்ள தாத்தா பாட்டியின் நிழற்படங்கள் இருக்கலாம். புதுப்பிக்கும் முன் அவற்றைப் படியெடுத்து வேறிடத்தில் வையுங்கள். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. எனவே பழைய பதிப்பிலேயே நின்றுவிடுவதும் பாதுகாப்பன்று. பழைய கணினிகளுக்கு ஏற்ற லினக்ஸ் வகைகள் இன்றும் புதுப்பிக்கப்படுகின்றன. சென்னையில் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸில் தமிழிலும் பணியாற்றலாம்.

அருஞ்சொற்பொருள்
செயலி – கட்டளைகளை நிறைவேற்றும் கணினி உறுப்பு
இரும எண் – 0, 1 ஆகியவற்றால் மட்டும் எழுதப்படும் எண்

வினாக்கள்
1. பழைய கணினிகளில் புதிய பதிப்பு தொடங்காமைக்குக் காரணம் யாது?
2. 110110 என்னும் எண்ணுக்குப் பாப்கவுன்ட் தரும் விடை என்ன?
3. புதுப்பிக்கும் முன் செய்யவேண்டியது யாது?